'யெஸ்' என்று சொல்லுமுன்: பிரயாணிகளுக்கும் வியாபாரிகளுக்கும் சில இங்கிலீஷ் பாடங்கள்



பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதும் இப்பக்கத்தில் என்னையும் எழுதும்படி நமது சங்கத்தார் கேட்டுக் கொண்டார்கள். நான் நாகூரில் மத்ரஸாவில் ஓதியவன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு முடித்துக் கொண்டவன். என்னுடைய இங்கிலீஷ், கடை மேஜைக்குப் பின்னால் நின்று காதால் பொறுக்கிய இங்கிலீஷ். ஆகவே இதை இலக்கணப் பாடம் என்று யாரும் கருத வேண்டாம். ஓரிடத்தில் சறுக்கி விழுந்தவன், பின்னால் வருகிறவர்களுக்கு அவ்விடத்தைக் காட்டிக் கொடுப்பதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

நான் சறுக்கிய இடம் சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதி. சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைக்கும் அல் அப்ரார் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதுவிட்டு, பத்து வயது மகனுடன் அவ்வீதியிலுள்ள நாகூர் தர்கா வாசலருகே நின்று கொண்டிருந்தேன். கைலியும் தொப்பியுமாக நின்ற என்னைப் பார்த்து, இவ்விடத்து விஷயம் தெரிந்தவன் என்று எண்ணி, வயது முதிர்ந்த வெள்ளைக்கார தம்பதிகள் என்னிடம் வந்தார்கள். கணவர் மரியாதையாக, 'எக்ஸ்க்யூஸ் மீ, இஸ் த ஸெயின்ட் பெரிட் ஹியர்?' என்று கேட்டார்.

'ஸெயின்ட்' என்றால் வலியுல்லாஹ் என்று தெரியும். 'ஹியர்' என்றால் இங்கே. நடுவிலுள்ள 'பெரிட்' என் காதில் நம்முடைய 'பெரிது' போல விழுந்தது. இங்கே இவர் பெரியவரா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, 'யெஸ், யெஸ், ஸர்!' என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். அவர் நன்றி கூறி, சட்டைப் பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்து எழுதிக் கொண்டார். இருவரும் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு என் மகன் மெல்லக் கேட்டான்: "வாப்பா, அவர் எஜமான் இங்கேயா அடக்கமாகியிருக்கிறார்கள் என்று கேட்டார். நீங்கள் யெஸ் என்றீர்களே. நாகூரிலல்லவா அடக்கம்?"

எனக்குத் திக்கென்றது. "அப்பொழுதே ஏண்டா சொல்லவில்லை?" என்றேன்.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினேன். அவர்கள் அங்கில்லை. நாகூரில் பிறந்தவன் நான். ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் ரவுலாவைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்த பெரிய மினாராவின் நிழலில் விளையாடியவன். அப்படிப்பட்ட நானே, ஓர் இங்கிலீஷ் வார்த்தை தெரியாத காரணத்தால், நமது சொந்தச் சரித்திரத்தைப் பொய்யாக எழுதி வைக்கச் செய்தேன். அந்தச் சிறு புத்தகம் இன்று எந்த நாட்டில் இருக்கிறதோ!

அன்றிலிருந்து நான் மகனிடமும், கடைக்கு வரும் நண்பர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பாடங்களையே கீழே தருகிறேன்.

முதற் பாடம்: புரியாததற்கு 'யெஸ்' சொல்லாதே

நம்மவர்க்கு இங்கிலீஷில் மிகவும் ஆபத்தான வார்த்தை எது என்று என்னைக் கேட்டால், 'யெஸ்' என்பேன். பயத்தினாலும் மரியாதையினாலும் அது வாயிலிருந்து முதலில் வந்துவிடுகிறது. ஆகவே வேறு எந்த வாக்கியத்தையும் கற்குமுன் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

'ஸாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' — மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை.

'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன், ஸ்லோலி' — தயவு செய்து மறுபடியும் மெதுவாகச் சொல்லுங்கள்.

'வாட் டஸ் தட் வேர்ட் மீன்?' — அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன?

இவற்றைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. சரக்கைப் பார்க்காமல் விலை பேசுகிறவனைத்தான் கெட்டிக்கார வியாபாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் பாடம்: 'இல்லையா' என்ற கேள்வி

இது விமான நிலையத்தில் நம்மவர் பலரைத் தடுமாற வைக்கும் விஷயம். "உங்களிடம் தங்கம் இல்லையா?" என்று தமிழில் கேட்டால், இல்லாதவர் "ஆமாம், இல்லை" என்பார். அது சரியான தமிழ். ஆனால் சுங்க அதிகாரி, 'யூ டோன்ட் ஹாவ் எனி கோல்ட்?' என்று கேட்கும்போது அதே வழக்கத்தில் 'யெஸ்' என்று நிறுத்திவிட்டால், தங்கம் இருக்கிறது என்றே அவர் எடுத்துக் கொள்ளக்கூடும். பெட்டி திறக்கப்படும். பின்னால் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இங்கிலீஷில் விதி இதுதான்: கேள்வி எப்படிக் கேட்கப்பட்டாலும் சரி, பொருள் இருந்தால் 'யெஸ்', இல்லாவிட்டால் 'நோ'. அதோடு நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது உத்தமம். 'நோ, ஐ டோன்ட் ஹாவ் எனி' — இல்லை, என்னிடம் எதுவுமில்லை. 'யெஸ், ஐ ஹாவ் ஸம்' — ஆம், கொஞ்சம் இருக்கிறது.

'டிக்ளேர்' என்ற சொல்லையும் அறிந்து கொள்ளுங்கள். அதிகாரி கேட்குமுன் நாமே வெளிப்படையாகத் தெரிவிப்பது என்று அர்த்தம். 'டூ யூ ஹாவ் எனிதிங் டு டிக்ளேர்?' என்றால், வரி கட்ட வேண்டிய அல்லது தெரிவிக்க வேண்டிய சாமான் ஏதேனும் உண்டா என்று கேள்வி. சந்தேகமிருந்தால் சாமானைக் காட்டி, 'ப்ளீஸ் செக் திஸ்' என்று சொல்லிவிட்டால் மனதுக்கும் நிம்மதி, பைக்கும் நிம்மதி.

மூன்றாம் பாடம்: பிரயாணச் சொற்கள்

தமிழில் எல்லாவற்றையும் பிரயாணம் என்று சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

'டிராவல்' என்பது பொதுவாகப் பிரயாணம் செய்தல். பிரெஞ்சு பாஷையில் பாடுபடுதல், கஷ்டப்படுதல் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து இது வந்தது. பிரயாணத்தின் கஷ்டம் மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதன்று. முஸாஃபிருக்குத் தொழுகையைச் சுருக்கிக் கொள்ளவும், நோன்பைப் பிறகு நோற்கவும் சலுகை இருப்பது அதனாலன்றோ!

'ஜர்னி' என்பது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி. ஆதியில் ஒரு நாள் நடக்கும் தூரத்துக்கு இப்பெயர். 'வாயேஜ்' என்பது கடற்பயணம். 'டிரிப்' என்பது போய் வருவது. கோலாலம்பூருக்குச் சரக்கெடுக்கப் போய்த் திரும்பினால் 'பிஸினஸ் டிரிப்'. 'டூர்' என்பது ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது. 'பில்கிரிமேஜ்' என்பது ஹஜ்ஜைப் போன்ற புனித யாத்திரை.

என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறி வந்தவர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் அவர் 'டெக் பாஸஞ்சர்', அதாவது அறை இல்லாமல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழியும். அது 'வாயேஜ்'. நாம் இன்று சாங்கியில் ஏறி நாலைந்து மணி நேரத்தில் திருச்சியில் இறங்குகிறோம். இதற்கு 'ஃப்ளைட்' என்று பெயர்.

குடிநுழைவு மேஜையில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்விகள் மூன்று.

'வாட் இஸ் த பர்ப்பஸ் ஆஃப் யுவர் விஸிட்?' — வந்த நோக்கம் என்ன? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உறவினரைப் பார்க்க என்றால், 'டு ஸீ மை ரிலேட்டிவ்ஸ்'. வியாபாரத்துக்கு என்றால், 'ஃபார் பிஸினஸ்'.

'ஹௌ லாங் வில் யூ ஸ்டே?' — எத்தனை நாள் தங்குவீர்கள்? ஜவுளி வியாபாரிகளே, கவனம்! 'ஹௌ லாங்' என்றதும் கஜக்கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். இங்கே கேட்பது நாள் கணக்கு. 'டென் டேஸ்' என்று பதில் சொன்னால் போதும்.

'வேர் ஆர் யூ ஸ்டேயிங்?' — எங்கே தங்குகிறீர்கள்? 'அட் மை பிரதர்ஸ் ஹவுஸ்' என்று சொல்லி, விலாசம் எழுதிய தாளைக் காட்டுங்கள். அந்தத் தாள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் உதவாது.

இன்னொன்று. ஊரில் இல்லை என்பதற்கு நாம் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்கிறோம். இது இந்தியாவில் செல்லும் காசு. வெள்ளைக்காரர் இதைக் கேட்டு, எந்த ரயில் நிலையத்தைச் சொல்கிறீர்கள் என்று விழிப்பார். 'அவுட் ஆஃப் டவுன்' என்றால் எங்கும் விளங்கும். அப்படியே சொந்த ஊருக்கு 'நேட்டிவ் ப்ளேஸ்' என்பதைவிட 'ஹோம்டவுன்' என்பது நல்லது.

நான்காம் பாடம்: 'கஸ்டம்', 'கஸ்டம்ஸ்', 'கஸ்டமர்'

இம்மூன்று சொற்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 'கஸ்டம்' என்றால் வழக்கம், தொன்றுதொட்டு ஒரு கூட்டத்தார் செய்து வரும் பழக்கம். வழக்கமாகச் செலுத்தி வந்த தீர்வைக்கும் அப்பெயர் ஏற்பட்டு, கடைசியில் சுங்க இலாகாவுக்கே 'கஸ்டம்ஸ்' என்று பெயராயிற்று. வழக்கமாக ஒரே கடைக்கு வருகிறவர் 'கஸ்டமர்'.

இது ஏதோ அந்நிய தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நமது தமிழிலும் 'வாடிக்கை' என்றால் வழக்கம். அதிலிருந்தே வாடிக்கையாளர் பிறந்தார். அரபியிலிருந்து வந்த 'மாமூல்' என்பதற்கும் வழக்கத்திலுள்ளது என்றுதான் பொருள். அதுவே பிறகு வழக்கமாகக் கொடுக்கும் பணத்துக்குப் பெயராகி, இப்பொழுது கெட்ட பெயரும் எடுத்துவிட்டது. மனிதர் எந்தப் பாஷை பேசினாலும், கடை வீதியில் அவர்கள் புத்தி ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

ஐந்தாம் பாடம்: நமது வழக்கங்களை எடுத்துச் சொல்வது

நம் கடைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் 'ஸுவனீர்' வாங்குகிறார்கள். நினைவுகூர்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. பொருளோடு அதன் கதையையும் எடுத்துப் போக விரும்புகிறார்கள். 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டால், 'குட் ஒன், சீப் ஒன்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கதை கேட்டவருக்கு விலையைச் சொன்னால் எப்படி?

இதற்கு மூன்று வாக்கியங்கள் போதும். முதலில் பெயர்: 'திஸ் இஸ் கால்ட்...' அடுத்து அது என்ன: 'இட் இஸ் அ...' பிறகு எப்பொழுது பயன்படுத்துகிறோம்: 'வி யூஸ் இட் வென்...' பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். நமது பெயரையே சொல்லுங்கள். கந்தூரியை 'பார்ட்டி' என்று சொல்லிக் கெடுப்பானேன்? 'திஸ் இஸ் கால்ட் கந்தூரி. இட் இஸ் அ யியர்லி கேதரிங் இன் மெமரி ஆஃப் அ ஸெயின்ட். வி ஷேர் ஃபுட் வித் எவ்ரிபடி' என்று சொல்லுங்கள். ஒரு வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கூடி, எல்லோருக்கும் உணவு பகிர்வது என்று அர்த்தம்.

கைலிக்கு வருவோம். இங்கே மலாய்க்காரர் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலேகாட்' என்கிறார்கள். பெலேகாட் என்பது வேறொன்றுமில்லை. சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் நமது பழவேற்காடுதான்! அவ்வூர்த் துறைமுகத்திலிருந்து துணி வந்ததால் ஊர்ப் பெயரே துணிப் பெயராயிற்று. 'த நேம் கம்ஸ் ஃப்ரம் அன் ஓல்ட் போர்ட் நியர் மெட்ராஸ்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு கைலி கேட்டவர் இரண்டாக எடுப்பதை என் கடையில் கண்டிருக்கிறேன்.

இனி, நான் தவறிய சொற்களுக்கு வருகிறேன். 'பெரிட்' என்றால் அடக்கம் செய்யப்பட்ட என்று பொருள். 'டூம்' என்றால் கபுரின் மேலுள்ள கட்டடம். எழுத்தில் கடைசியில் ஓர் எழுத்து இருந்தாலும் வாயால் சொல்வதில்லை. 'ஷ்ரைன்' என்றால் புனிதமாகக் கருதப்படும் இடம். 'மெமோரியல்' என்றால் நினைவிடம். அங்கே அடக்கம் இருக்க வேண்டுமென்பதில்லை. தெலுக் ஆயர் வீதியிலுள்ளது நினைவிடம். அது 1828-க்கும் 1830-க்கும் இடையில் நம் முன்னோர் எழுப்பியது. 1974-ல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. பினாங்கில் சூலியா வீதியிலும் இத்தகைய நாகூர் நினைவிடம் உண்டு.

ஏன் அவ்வீதியில் கட்டினார்கள் என்று கேட்பவருக்கும் பதில் வேண்டுமல்லவா? அக்காலத்தில் கடல் அவ்வீதி ஓரம் வரை இருந்தது. பிற்காலத்தில்தான் தூர்த்தார்கள். கப்பலிலிருந்து உயிரோடு கரையேறியவர்கள் முதலில் கால் வைத்த இடம் அது. நமது குச்சுப் பள்ளியும் அங்கே இருக்கிறது. சீனச் சகோதரர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் அதே வீதியில் இருக்கிறது. மார்க்கம் வேறு, வணக்கம் வேறு. ஆனால் கடலைக் கடந்து வந்தவன் நெஞ்சிலிருந்த பயமும் நன்றியும் எல்லோருக்கும் ஒன்றே. 'டிராவலர்ஸ் பில்ட் தீஸ் ப்ளேஸஸ் டு கிவ் தாங்க்ஸ்' — பிரயாணிகள் நன்றி செலுத்தக் கட்டிய இடங்கள் இவை.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். 'டூ யூ வர்ஷிப் த ஸெயின்ட்?' என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குப் புரியாமல் 'யெஸ்' சொன்னால் நான் செய்ததைவிடப் பெரிய பிழையாகும். 'வர்ஷிப்' என்றால் வணங்குதல். பதில்: 'நோ. வி வர்ஷிப் காட் அலோன். வி ரெஸ்பெக்ட் த ஸெயின்ட்.' வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே. அவ்வலியை நாங்கள் கண்ணியப்படுத்துகிறோம்.

ஆறாம் பாடம்: பயம் வேண்டாம்

இங்கிலீஷ் நமக்கு முழுதும் அந்நியமென்று எண்ணிப் பயப்படுகிறோம். அந்தப் பாஷையே கப்பல்காரரிடமும் வியாபாரிகளிடமும் கடன் வாங்கி வளர்ந்தது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற சூப்பாக வெள்ளைக்காரர் மேஜைக்குப் போயிற்று. நாம் சரக்கு வைக்கும் 'கோடவுன்' நமது கிடங்கின் வழி வந்ததென்று அறிஞர் கூறுவர்.

ஓதியவர்களுக்கு இன்னும் எளிது. 'ஸஃபாரி' என்பதில் ஸஃபர் இருக்கிறது. 'மான்ஸூன்' என்ற பருவக்காற்றில் மவ்ஸிம் இருக்கிறது. 'டாரிஃப்' என்ற தீர்வை விகிதத்தில், அறிவித்தல் என்று பொருள்படும் தஃரீஃப் இருக்கிறது. பத்திரிகையைக் குறிக்கும் 'மேகஸீன்' என்பதோ, அரபியில் பண்டகசாலையைக் குறிக்கும் மக்ஸன் என்பதன் வழியில் வந்தது. ஆகவே இந்தச் சொற்களை நாம் கடன் கேட்கவில்லை. பழைய பாக்கியை வசூல் செய்கிறோம்!

பயிற்சி

தினம் இஷாவுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். பிள்ளைகளை அதிகாரியாகவும் பிரயாணியாகவும் உட்கார வைத்து, கீழ்க்கண்டவற்றுக்கு வாய் திறந்து பதில் சொல்லிப் பழகுங்கள்.

1. 'யூ டோன்ட் ஹாவ் எனி கோல்ட்?'
2. 'ஹௌ லாங் வில் யூ ஸ்டே?'
3. 'வாட் இஸ் திஸ் கால்ட்?' — கடையிலுள்ள ஐந்து பொருள்களுக்கு, மும்மூன்று வாக்கியங்கள்.
4. 'வாட் இஸ் அ கந்தூரி?'
5. 'இஸ் த ஸெயின்ட் பெரிட் ஹியர்?'

பிள்ளைகள் திருத்தினால் கோபிக்காதீர்கள். என் வீட்டில் இப்பொழுது சட்டம் மாறிவிட்டது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பது பொது விதி. வாப்பா இங்கிலீஷில் தவறாக 'யெஸ்' சொன்னால் மட்டும் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்பது விதிவிலக்கு.

ஐந்தாவது கேள்விக்கு மகன் எனக்குச் சொல்லிக் கொடுத்த பதிலை இங்கே எழுதி முடிக்கிறேன்: 'நோ, ஸர். ஹி இஸ் பெரிட் இன் நாகூர், இன் இந்தியா. திஸ் இஸ் அ மெமோரியல்.' வெள்ளிக்கிழமைகளில் அவ்வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். இதுவரை நாலைந்து பேர் கேட்டார்கள். சரியாகவே சொன்னேன். முதலில் கேட்ட அந்தப் பெரியவர் மட்டும் திரும்பி வரவில்லை.

வஸ்ஸலாம்.